அரக்கு பார்டர் எடுத்தோம், பச்சை பார்டர் வந்தது: தி.நகர் பெரிய கடை அனுபவங்கள்

செங்கை_வாசி
ஞாயிறு, இரவு 11.10

தம்பிக்கு ஆவணியில் கல்யாணம். முகூர்த்தச் சேலை காஞ்சிபுரத்தில் எடுத்தாயிற்று. சொந்தக்காரர்களுக்கு வைத்துக் கொடுக்கப் பதினொரு சேலை வேண்டும் என்று அம்மா பட்டியல் போட்டிருந்தார். ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் எடுத்துவிடலாம் என்று இன்று காலை மின்சார ரயிலில் போய் மாம்பலத்தில் இறங்கினோம். ஆடி ஞாயிறு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உஸ்மான் சாலையில் ஒரு பெரிய கடை. மூன்றாவது மாடியில் சேலை. இரண்டரை மணி நேரம் ஆனது. பத்து சேலை 700-லிருந்து 900 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. பதினொன்றாவது பெரியத்தைக்கு. அவர் வாயிலிருந்து தப்பிக்க வேண்டுமே, அதனால் கொஞ்சம் நல்லதாக, தள்ளுபடி போக 2,150 ரூபாயில் ஒன்று. மாம்பழக் கலர், அரக்கு பார்டர், முந்தியில் சின்னச் சின்ன யானை. அம்மா அதைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம் நின்றார். அத்தைக்குக் கொடுக்கவே மனசில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அங்கே பல கடைகளில் உள்ள முறைதான். எடுத்த துணியை வாங்கிக்கொண்டு விற்பனைப் பெண் ஒரு சீட்டு தருவார். துணி ஒரு வழியாகக் கீழே போகும், நாம் ஒரு வழியாகக் கீழே போவோம். பணம் கட்டி முத்திரை வாங்கிய பில்லை டெலிவரி கவுண்டரில் நீட்டினால் கட்டிய பை வரும். எண்ணினேன், பதினொன்று இருந்தது. வாசலில் செக்யூரிட்டி பில்லில் ஓட்டை போட்டு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து பிரித்தால் மாம்பழக் கலர் இருக்கிறது, ஆனால் பார்டர் பச்சை. யானையைக் காணோம். சேலையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 840 ரூபாய். பில்லில் 2,150. பில்லின் பின்பக்கம் ‘தள்ளுபடியில் வாங்கியவை மாற்றித் தரப்பட மாட்டாது’ என்று சிவப்பு முத்திரை வேறு. அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டார். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? 1,310 ரூபாய் வித்தியாசம். திரும்பப் போனால் மதிப்பார்களா?


மட்டுறுத்துநர்
ஞாயிறு, இரவு 11.25

எந்தக் கடை என்று யாரும் கேட்கவும் வேண்டாம், ஊகிக்கவும் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.


மாம்பலத்துப்_பழசு
ஞாயிறு, இரவு 11.48

தம்பி, ரங்கநாதன் தெருவுக்கு நாலு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவன் நான். ஆடியிலும் தீபாவளிக்கு முந்தின மாசத்திலும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஊரே இங்கே வரும், நாங்கள் மயிலாப்பூர் போய்விடுவோம்.

நாளைக்கு வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குப் போங்கள். கல்யாணத் துணி எடுக்கச் செவ்வாயில் ஆள் வராது, கடைக்காரர்களுக்கும் பேச நேரம் இருக்கும். நேராக எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் போய் நிற்காதீர்கள். அங்கே இருப்பவருக்குத் தெரிந்த ஒரே வசனம் “தள்ளுபடி சரக்கு சார்”. அது பிடிக்காததை மாற்றுகிற இடம். நீங்கள் மாற்றக் கேட்கவில்லை, காசு கொடுத்ததைக் கொடு என்கிறீர்கள். இரண்டும் வேறு. எடுத்த மாடிக்கே போய் ஃப்ளோர் சூப்பர்வைசரைப் பாருங்கள்.

அப்புறம், ரயிலை விட்டு இறங்கியதும் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்து நசுங்க வேண்டியதில்லை. 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதை மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரைக்கும் போகிறது, 570 மீட்டர். அம்மாவை அதில் கூட்டிப் போங்கள். காற்றாவது வரும்.


குத்தாலச்_சாரல்
திங்கள், காலை 6.05

அண்ணா, நான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவள். இதே மாதிரி ஒரு கடையில் சேலைப் பிரிவில் மூன்று வருஷம். இப்போது ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன்.

உங்கள் சேலை எங்கே மாறியது என்று சொல்கிறேன். பில் போடும்போது ஸ்டிக்கரை ஸ்கேன் செய்வார்கள். பில்லில் 2,150 வந்திருக்கிறது என்றால் அந்த நிமிடம் வரைக்கும் யானைச் சேலை உங்கள் கட்டில்தான் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு பேக்கிங் மேசை. ஆடி ஞாயிறு சாயங்காலம் அந்த மேசையைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டுகள் தோளளவு நிற்கும். பக்கத்துக் கட்டு சரிந்தால் இரண்டையும் சேர்த்துத் தூக்கித் திரும்பப் பிரித்து வைப்பார்கள். அங்கே நிற்பது பெரும்பாலும் சீசனுக்கு வந்த புதுப் பையன்கள். அரக்கா பச்சையா என்று அவனுக்குத் தெரியாது, மடித்து வைத்த சேலையில் பார்டர் ஒரு விரல் அகலம்தான் வெளியே தெரியும். அவன் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பான். நீங்களும் அதைத்தான் பார்த்தீர்கள்.

அப்படியென்றால் யானைச் சேலை இன்னொருவர் பைக்குள் 840 ரூபாய்க்குப் போயிருக்கிறது. அவர் பில் எண் உங்கள் எண்ணுக்கு இரண்டு மூன்று முன்னே பின்னேதான் இருக்கும். கம்ப்யூட்டரில் தேடினால் ஐந்து நிமிட வேலை. இதைச் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, நமக்கும் தெரியும் என்று தெரிந்தால்தான் தேடுவார்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சேலை காட்டிய பெண்ணின் நம்பர் பில்லில் இருக்கும். கோபத்தில் அவள் மேல் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். தவறு அவள் மாடியில் நடக்கவில்லை. நான் இருந்த கடையில் சரக்குக் கணக்கு இடித்தால் அந்தப் பிரிவில் நின்ற எல்லோர் சம்பளத்திலும் பங்கு போட்டுப் பிடிப்பார்கள். ஒரு முறை எனக்கு 380 ரூபாய் போனது. எந்தச் சேலைக்கு என்றுகூட யாரும் சொல்லவில்லை.


பில்_பத்திரம்
திங்கள், காலை 9.30

சிவப்பு முத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறுப்பதும் பணத்தைத் தர மறுப்பதும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், போடவில்லை என்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். உங்கள் விஷயம் அதைவிடத் தெளிவு. விற்றது ஒன்று, கொடுத்தது வேறு.

பேச்சு முற்றினால் 1915-க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். புதுச் சட்டத்தில் நல்ல காரியம் ஒன்று செய்திருக்கிறார்கள்: கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயம் இல்லை.

பில்லை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். அந்த மெல்லிசுத் தாளில் எழுத்து ஆறு மாதத்தில் ஆவியாகிவிடும். பச்சை பார்டர் சேலையின் ஸ்டிக்கரைக் கிழித்துவிட வேண்டாம். உங்கள் சாட்சியே அதுதான்.


தஞ்சை_தலையாட்டி
திங்கள், காலை 9.52

1,310 ரூபாய்க்குக் கோர்ட்டா? செங்கல்பட்டுக்கும் மாம்பலத்துக்கும் அலையும் நேரத்துக்கு இரண்டு நாள் சம்பளம் போய்விடும். பச்சை பார்டரை அத்தைக்குக் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள். அத்தைக்கு யானை தெரியுமா, பூனை தெரியுமா?


பில்_பத்திரம்
திங்கள், காலை 10.15

தலையாட்டி அவர்களே, 3 ரூபாய்க்கே வழக்கு நடந்திருக்கிறது. 2019-ல் சண்டிகரில் ஒருவர் செருப்பு வாங்கப் போனார். கடைப் பெயர் அச்சடித்த காகிதப் பைக்குத் தனியாக 3 ரூபாய் போட்டுவிட்டார்கள். உங்கள் விளம்பரத்தை நான் சுமப்பதற்கு நானே காசு தர வேண்டுமா என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். கடைக்கு 9,000 ரூபாய் அபராதம் விழுந்தது. அவரும் உங்களைப் போல நேரத்தைக் கணக்குப் பார்த்திருந்தால் நடந்திருக்காது.


கைப்பைக்_காவலன்
திங்கள், மதியம் 1.20

பதினாறு வருஷத் திருமண வாழ்க்கையில் தி.நகர்க் கடைகளின் மாடிப்படிகளை நான் அறிந்த அளவுக்கு அந்தக் கட்டடம் கட்டிய கொத்தனாரும் அறிந்திருக்க மாட்டார். என் வேலை, பைகளோடு படியோரம் நிற்பது. என்னைப் போல இன்னும் பத்து பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், பேச மாட்டோம். ஐந்து மாடிக்குத் துணி அடுக்க இடம் உண்டு, உட்கார ஒரு பெஞ்ச் கிடையாது. லிஃப்டுக்கு நின்றால் தரைத்தளத்திலேயே நிறைந்துவிடுகிறது. இறங்குவதற்கும் லிஃப்டில் மேலே போய்த்தான் வர வேண்டும் என்பதை நான்காவது வருஷம்தான் கற்றுக்கொண்டேன்.

விளையாட்டு போக ஒரு விஷயம். படியோரம் நிற்பதால் கண்ணில் படுகிறது. போன தீபாவளிக்கு ஒரு கடையில் படி திரும்பும் இடத்தில் அட்டைப்பெட்டிகளை ஆளுயரம் அடுக்கியிருந்தார்கள். ஒரே ஒரு ஆள் இறங்கலாம். 2017 மே 31-ம் தேதி இதே உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை எரிந்து, கட்டடத்தையே இடிக்க வேண்டி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கடை திறக்கும் முன்னால் பிடித்த தீ. அதுவே சாயங்காலம் ஆறு மணி என்றால்? இப்போதெல்லாம் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இரண்டாவது வழி எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் மனைவியோடு போகிறேன். அவள் சிரிக்கிறாள்.


குத்தாலச்_சாரல்
திங்கள், மதியம் 2.40

காவலன் சார், நீங்கள் வருஷத்துக்கு நாலு நாள் நிற்கிறீர்கள். நாங்கள் காலை ஒன்பதரையிலிருந்து இரவு பத்து வரைக்கும். ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சாயக் கூடாது. முட்டிக்குக் கீழே நரம்பு சுருண்டு நீலமாக நிற்கும். 2021-ல் சட்டம் திருத்தி, கடையில் வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும் என்றார்கள். கேரளாவில் அதற்கு முன்பே வந்துவிட்டது. எங்கள் மாடியிலும் ஸ்டூல் வந்தது. நாலு. அதன் மேல் சேலைக் கட்டை அடுக்கினோம்.

இன்னொன்றும் சொல்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம். ஒரு சேலை வாங்க நாற்பது பிரிக்கச் சொல்வார்கள். அதில் குற்றமில்லை, காட்டத்தான் இருக்கிறோம். ராத்திரி கடை சாத்திய பிறகு அவ்வளவையும் மடிக்க வேண்டும், முந்தி மேலே தெரிய, பார்டரோடு பார்டர் பொருந்த. ஜரிகை விரல் நுனியை அறுத்துவிடும். சோற்றில் கை வைத்தால் எரியும். அப்படி இருந்தும் “இந்தக் கலர் உங்களுக்கு எடுக்கும் அக்கா” என்று சொல்லி ஒருவர் அதையே எடுத்துப் போனால் அன்றைக்கு ஒரு சந்தோஷம் இருக்கும். அது ஏன் என்று எனக்கே தெரியவில்லை.


எவர்சில்வர்_மாமி
திங்கள், மாலை 5.05

எல்லோரும் குறையே சொல்கிறீர்கள். எனக்குப் பெரிய கடை பிடிக்கும். ஊசியிலிருந்து அண்டா வரைக்கும் ஒரே கூரையில். பேரம் பேசத் தெரியாத என்னைப் போன்றவளுக்கு ஒட்டியிருக்கும் விலைதான் விலை என்பது பெரிய நிம்மதி.

ஆனால் பாத்திர மாடியில் எனக்கும் ஒரு கதை உண்டு. பெண் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் கிலோக்கணக்கில் எடுத்தோம். பெயர் வெட்டித் தருவார்கள். ஒரு பையன் சின்ன மெஷினை வைத்து டர்ரென்று புள்ளி புள்ளியாக எழுத்தை இறக்குவான், பார்க்க அழகாக இருக்கும். துண்டுச் சீட்டில் பெண் பெயருக்கு முன்னால் மாப்பிள்ளை இனிஷியல் ‘ப’ என்று எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து லட்சணம், அவன் அதை ‘ம’ என்று படித்துவிட்டான். குடம், அண்டா, ஐந்து தூக்கு, பன்னிரண்டு தட்டு, எல்லாவற்றிலும் ‘ம’. வெட்டியதை அழிக்க முடியாது. அவன் அழுகிற மாதிரி நின்றான். மாப்பிள்ளையின் தாத்தா பெயர் ‘ம’வில் ஆரம்பிக்கும் என்று பிறகு தெரிந்தது. சம்பந்தியம்மா இன்றைக்கும் வருகிறவர்களிடம் எல்லாம், மாமனார் பெயரை மறக்காமல் வெட்டினார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை.


எண்_தரமாட்டேன்
திங்கள், இரவு 8.15

எனக்கு இருக்கும் ஒரே எரிச்சல், பில் போடும் இடத்தில் போன் நம்பர் கேட்பது. கைக்குட்டை வாங்கினாலும் கேட்கிறார்கள். நம்பர் தந்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்குச் சொல்லியாயிற்று. நான் தருவதில்லை. “சிஸ்டம் எடுக்காது சார்” என்பார்கள். பத்து ஒன்பது போடுங்கள் என்பேன். எடுத்துவிடும்.


செங்கை_வாசி
செவ்வாய், இரவு 9.40

போய் வந்தாயிற்று. பழசு ஐயா சொன்னபடி 11 மணி. அதே மாடிதானா என்று சந்தேகமே வந்துவிட்டது, அவ்வளவு காலி. அம்மாவைப் பார்த்ததும் அந்தப் பெண்ணே கிட்டே வந்து, “யானை முந்தி எடுத்தீங்களே அம்மா, பிளவுஸ் வெட்டிட்டீங்களா?” என்று கேட்டார். அன்றைக்கு எத்தனை பேருக்குக் காட்டியிருப்பார்! பச்சை பார்டரை எடுத்து நீட்டியதும் முகம் வெளுத்துவிட்டது.

சூப்பர்வைசர் முதலில் முத்திரையைத்தான் காட்டினார். குத்தாலச் சாரல் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். ஸ்கேன் ஆகும்போது சரி, பேக்கிங்கில்தான் மாறியிருக்கிறது, முன்பின் பில்களைப் பாருங்கள் என்று. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “நீங்க எந்தக் கடையில இருக்கீங்க?” என்றார். பிறகு கீழே கூட்டிப்போனார். என் பில்லுக்கு இரண்டு எண் தள்ளி, மாம்பழக் கலர், 840 ரூபாய். அந்தப் பில்லில் போன் நம்பர் இருந்தது. எண்_தரமாட்டேன் அவர்கள் மன்னிக்க வேண்டும், பத்து ஒன்பது போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அவர்களே கூப்பிட்டுப் பேசினார்கள். திண்டிவனம் பக்கம் ஒரு அம்மா. 840-க்கு இவ்வளவு நல்ல சேலையா என்று சந்தோஷத்தில் நேற்றே ஃபால்ஸ் தைத்து, ஓரம் அடித்து, இன்று காலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாராம். இன்று ஆடிச் செவ்வாய். போன் வந்தபோது மாவிளக்கு தட்டோடு வரிசையில் நின்றாராம். சூப்பர்வைசர் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பின்னால் மேளம் கேட்டது. திருப்பித் தர வேண்டுமா, காசு கட்ட வேண்டுமா என்று அவர் கேட்டதற்கு, அது உங்களிடமே இருக்கட்டும் என்று சூப்பர்வைசர் முடித்துக்கொண்டார்.

எங்களுக்கு அதே சேலை இன்னொன்று இல்லை. அதே விலையில் வேறு எடுக்கச் சொன்னார்கள். அம்மா ஒன்றரை மணி நேரம் பார்த்து, 2,300 ரூபாயில் மயில் கழுத்துக் கலரில் ஒன்று எடுத்தார். மேலே 150 கேட்டார்கள். கட்டிவிட்டேன், சண்டை போடத் தெம்பில்லை. பில்_பத்திரம் திட்டலாம்.

கிளம்பும்போது அந்தப் பெண்ணின் சம்பளத்தில் பிடிக்க மாட்டீர்களே என்று கேட்டேன். “அதெல்லாம் இல்ல சார், பேக்கிங் மிஸ்டேக்” என்று சூப்பர்வைசர் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை, அட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.


குத்தாலச்_சாரல்
செவ்வாய், இரவு 10.02

கேட்டதற்கு நன்றி அண்ணா. பேக்கிங் பையன் பெயரைக் குறித்துக்கொண்டார்களா?


செங்கை_வாசி
செவ்வாய், இரவு 10.20

அதைக் கவனிக்கவில்லை. அன்றைக்கு மேசையில் யார் நின்றது என்று ஒரு நோட்டைப் புரட்டினார்கள். அவ்வளவுதான் பார்த்தேன்.


மாம்பலத்துப்_பழசு
புதன், காலை 7.30

சரி, மயில் கழுத்து அத்தைக்கா, அம்மாவுக்கா?


செங்கை_வாசி
புதன், காலை 8.10

நேற்று ராத்திரியே அம்மா அதைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பச்சை பார்டரை அங்கேயே கொடுத்துவிட்டோம் என்பதால் அத்தைக்கு இனிமேல்தான் பார்க்க வேண்டும். வரும் வாரம் சீர்ப் பாத்திரம் எடுக்கவும் போக வேண்டியிருக்கிறது. மாமி, பெயர் வெட்டுகிற இடத்தில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துப் பக்கத்திலேயே நிற்கிறேன்.